சீஸும் ஒயினும்: வேலூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டையில் ஒரு டேனரியின் (தோல் பதனிடும் ஆலை) லேபில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். மெஷின் பார்க்கவும் சாம்பிள் காட்டவும் கம்பெனி நாலைந்து தடவை இத்தாலிக்கு அனுப்பியது. டஸ்கனியில் ஆர்னோ ஆற்றங்கரையில் சாந்தா குரோச்சே என்று ஓர் ஊர். நம்ம ராணிப்பேட்டை மாதிரியே தோலை நம்பிப் பிழைக்கும் ஊர். அங்கேதான் சீஸும் ஒயினும் முதன்முதலாக ஒரே தட்டில் என் முன்னால் வந்தன. அன்றிலிருந்து ருசி பார்த்ததையெல்லாம் ஒரு கணக்கு நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறேன்.

காட்பாடி காந்தி நகரில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதியிருக்கிறேன்.

சார், சீஸும் பன்னீரும் ஒண்ணுதானே? ரெண்டும் பால்கட்டிதானே?

பாதி வழி வரைக்கும் ஒன்றுதான். பன்னீருக்குக் கொதிக்கிற பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிய வைத்து, வடிகட்டி, அழுத்தி, அன்றைக்கே சமைத்துவிடுகிறோம். சீஸுக்குப் பாலைக் கொதிக்க விடுவதில்லை. வெதுவெதுப்பான பாலில், தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி, நல்ல பாக்டீரியாவைச் சேர்க்கிறார்கள். அப்புறம் ரெனட் என்ற நொதியைக் கலந்தால் பால் இளநீர் வழுக்கை போலக் கட்டிக்கொள்ளும். அதை வெட்டி, தண்ணீரை வடித்து, உப்புப் போட்டு, அச்சில் அழுத்துகிறார்கள்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் குளிர்ந்த அறையில் வைக்கிறார்களே, அந்தக் காத்திருப்பில்தான் ருசி பிறக்கிறது. உள்ளே இருக்கும் நொதிகள் கொழுப்பையும் புரதத்தையும் மெல்ல உடைத்துக்கொண்டே இருக்கும். பர்மிஜானோ ரெஜ்ஜியானோ என்ற இத்தாலிய சீஸ் குறைந்தது 12 மாதம் இருந்தாக வேண்டும் என்று அங்கே விதியே உண்டு. 10 லிட்டர் பசும்பாலுக்கு ஏறக்குறைய 1 கிலோ செடார் என்ற கெட்டி சீஸ்தான் தேறும். "இவ்வளவு விலையா?" என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

சாண்ட்விச்சுக்கு வாங்குற ஸ்லைஸ் சீஸை வெச்சு ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். அது பல சீஸ்களை உருக்கி, ஒன்றாகச் சேரும்படி சில உப்புகளைக் கலந்து வார்த்தது. எப்போதும் ஒரே ருசியாக இருப்பதற்காகவே செய்தது, அதனால் அதில் கவனித்து எழுத ஒன்றும் கிடைக்காது. முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது கௌடா. பிறகு செடார். நம் பக்கத்திலேயே கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் நல்ல சீஸ் செய்கிறார்கள். 100 கிராம் போதும். மூன்று விதத்தில் நூறு நூறு கிராம் வாங்கினால் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து ருசி பார்க்கலாம்.

நாங்க சைவம். ரெனட்னு ஏதோ சொல்றீங்களே, அது எதுல இருந்து வருது?

கேட்க வேண்டிய கேள்வி. பழைய முறையில் ரெனட் பால்குடி மாறாத கன்றின் இரைப்பையிலிருந்து வருவது. இன்றைக்குப் பெரும்பாலான சீஸ்களில் நுண்ணுயிர்களிலிருந்து எடுக்கும் ரெனட்டைப் போடுகிறார்கள். இந்தியாவில் விற்கும் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் கவலை இல்லை. ஆனால் உண்மையான பர்மிஜானோ ரெஜ்ஜியானோவுக்குக் கன்றின் ரெனட் கட்டாயம். சைவக்காரர்கள் அதைத் தவிர்க்கத்தான் வேண்டும். விருந்துக்கு அழைக்கிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஒயினிலும் இப்படி ஒரு விஷயம் இருக்கிறது, அடுத்த பதிலில் வரும்.

நோட்டுல பாதி இடத்துல "துவர்ப்பு, வாய் இழுக்குது"ன்னு எழுதியிருக்கீங்க. கெட்டுப்போன ஒயினா சார் அது?

கெட்டுப்போனது இல்லை. சிவப்பு ஒயினின் உயிரே அந்தத் துவர்ப்பில்தான் இருக்கிறது. திராட்சையின் தோலிலும் விதையிலும் டேனின் என்ற பொருள் இருக்கிறது. சிவப்பு ஒயினில் சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே புளிக்க விடுவதால் டேனின் உள்ளே இறங்கிவிடுகிறது. வெள்ளை ஒயினுக்குச் சாற்றை முதலிலேயே பிழிந்து பிரித்துவிடுவார்கள், அதனால் அதில் துவர்ப்பு குறைவு.

நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு டேனின் என்ற சொல் புதிதே இல்லை. டேனரி என்கிறோமே, அந்தப் பெயரோடு பிறந்த சொல்தான் அது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருந்து தோலைப் பதப்படுத்துவது இதே வகைப் பொருள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வயதான மேஸ்திரி இருந்தார். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் விரல் நுனியைத் தொட்டு நாக்கில் வைப்பார். "இன்னும் இழுக்கல, பட்டை போடு" என்பார். லேபில் நான் எண்ணோடு போய் நின்றால், அவர் சொன்னதும் அதுவும் பெரும்பாலும் ஒத்துப்போகும். சாந்தா குரோச்சேயில் கியாந்தி என்ற டஸ்கனிச் சிவப்பு ஒயினை முதல் மிடறு குடித்தபோது எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்தது. கன்னத்தின் உட்புறம் மேல்வரிசை ஈறோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பட்டைத் தண்ணீரின் அதே பிடி.

ஏன் இழுக்கிறது? தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. நம் எச்சிலிலும் புரோலின் நிறைந்த புரதங்கள் இருக்கின்றன, வாயை வழவழப்பாக வைத்திருப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. டேனின் இரண்டையும் ஒரே விதமாகப் போய்ப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பு போனதும் வாய் சொரசொரப்பாகிறது. டேனரி லேபில் டேனின் இருக்கிறதா என்று பார்க்க, கொலாஜனிலிருந்து வரும் ஜெலட்டின் கரைசலைச் சொட்டு விடுவோம், உடனே கலங்கும். ஒயின் செய்கிறவர்களும் இதையே வேறு காரியத்துக்குச் செய்கிறார்கள். துவர்ப்பு மிஞ்சிப்போன ஒயினில் முட்டை வெள்ளைக்கருவையோ ஜெலட்டினையோ கலந்து, டேனினோடு சேர்ந்து அடியில் படிந்ததும் தெளிவை எடுத்துக்கொள்வார்கள். சைவக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் என்று மேலே சொன்னது இதைத்தான்.

சரி, கூட சீஸ் எதுக்கு? சைடு டிஷ் தானே?

இல்லை. மேலே சொன்னதைப் படித்திருந்தால் பாதி பதில் உங்களுக்கே தெரிந்திருக்கும். டேனினுக்குப் பிடித்துக்கொள்ளப் புரதம் வேண்டும். வாயில் வேறொன்றும் இல்லாவிட்டால் எச்சிலைப் பிடிக்கும். சீஸ் இருந்தால் அதன் புரதத்திலும் கொழுப்பிலும் போய் ஒட்டிக்கொண்டு வாயை விட்டுவிடும்.

இதை நீங்களே செய்து பாருங்கள். ஒரு மிடறு சிவப்பு ஒயினை வாயில் பத்து விநாடி வைத்து விழுங்குங்கள். நாக்கால் மேல் அண்ணத்தைத் தடவினால் மணல் தாள் மாதிரி இருக்கும். இப்போது சுண்டு விரல் அளவு செடாரை மெல்லுங்கள், முழுதும் விழுங்கிவிடாதீர்கள். வாயில் பூசினாற்போல் இருக்கும்போதே அடுத்த மிடறு. அதே ஒயின்தான், ஆனால் துவர்ப்பு பின்னால் போய்ப் பழம் முன்னால் வரும். இந்த ஒரு மாற்றத்தைக் காட்டத்தான் நான் ஆட்களை வீட்டுக்குக் கூப்பிடுகிறேன். இதுவரை யாரும் வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னதில்லை.

எல்லா சீஸும் எல்லா ஒயினுக்கும் சேராது. பிரீ என்ற மென்மையான பிரெஞ்சு சீஸை அழுத்தமான சிவப்பு ஒயினோடு வைத்தேன். உலோகத்தை நக்கினாற்போல் ஒரு கசப்பு. அதே பிரீ வெள்ளை ஒயினோடு அருமையாக இருந்தது. உப்பு மிகுந்த, நீலப் பூஞ்சை ஓடும் நீல சீஸுக்கு இனிப்பு ஒயின். என் நோட்டில் சறுக்காத ஜோடி இதுதான்.

ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு போட்டிருக்கு. நம்ம ஊர்ல மே மாசம் ரூமே கொதிக்குதே?

அந்த அறை நம் அறை கிடையாது. பழைய ஐரோப்பிய வீட்டின் குளிர்ந்த அறை, 16 முதல் 18 டிகிரி வரை. வேலூரில் கோட்டை அகழித் தண்ணீரே சூடாகிற நாட்களில் சிவப்பு ஒயினை அப்படியே ஊற்றினால் ஆல்கஹால் வாடைதான் மூக்கில் ஏறும். ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு எடுங்கள். வெள்ளை ஒயினை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில் ஊற்றலாம்.

சீஸுக்குக் கணக்கு தலைகீழ். ஜில்லென்று இருந்தால் வாசனை வெளியே வராது. குளிர் நாட்டில் ஒரு மணி நேரம் வெளியே வைக்கச் சொல்வார்கள். இங்கே சித்திரையில் இருபது நிமிடம் போதும். அதைத் தாண்டினால் மேலே நெய் மாதிரி வியர்க்க ஆரம்பிக்கும், அப்படி வியர்த்த சீஸ் திரும்பப் பழைய நிலைக்கு வராது. மிச்சத்தைப் பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றினால் புழுங்கிப்போகும். கடையில் ஒயின் பாட்டில் வாங்கும்போதும் பாருங்கள்: கார்க் மேலே தூக்கிக்கொண்டு இருந்தால் அது எங்கோ வெயிலில் வெந்த பாட்டில். வேண்டாம்.

மாமா, பிளாக்பெரி, சீடார் மரம்னு எல்லாம் எழுதுறாங்க. எனக்கு பிளாக்பெரின்னா என்னன்னே தெரியாது. நான் எப்படி எழுதுறது?

என் தங்கை மகள் கேட்டது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

தெரியாத பழத்தின் பேரை எழுதாதே. உன் நாக்குக்கு ஏற்கெனவே தெரிந்ததை எழுது. அறுசுவை என்று நாம் எண்ணும்போதே துவர்ப்புக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டோம். வாழைப்பூ, நாவல்பழம், பிஞ்சு மாதுளை என்று விதவிதமான துவர்ப்பைச் சின்ன வயதிலிருந்து சாப்பிட்டு வளர்ந்திருக்கிறோம். ஒயினை ருசி பார்க்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை. நாவல்பழத் துவர்ப்பு நாக்கில் நிற்கும், கடுக்காய்த் துவர்ப்பு தொண்டை வரை போகும். இரண்டும் வேறு வேறு என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் நோட்டிலிருந்து சில வரிகள், எழுதினபடியே. ஷிராஸ் சிவப்பு ஒயின், சாவிஞான் பிளாங்க் வெள்ளை ஒயின், பெகொரினோ இத்தாலிய சீஸ்:

"ஷிராஸ், நாசிக். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் நாவல்பழம். வாயில் மிளகு, ரசத்துக்குத் தட்டின உடனே வருமே அந்த மிளகு. கடைசியில் நாக்கு லேசாக ஊதா."

"சாவிஞான் பிளாங்க். கொய்யாக்காய், செங்காய்ப் பக்குவம். பின்னால் கீறின பச்சை மிளகாய் வாசனை, காரம் இல்லாமல். புளிப்பு எச்சில் ஊற வைக்கிறது."

"கௌடா, பழையது. பால்கோவா கிளறும்போது சட்டி அடியில் பிடிக்குமே, அதைச் சுரண்டித் தின்ற ருசி. நடுநடுவே கரகரவென்று கற்கண்டுத் துகள்."

"பெகொரினோ, செம்மறியாட்டுப் பால். முதலில் உப்பு. மெல்ல மெல்ல முந்திரி. கடைசியில் கிடை போட்ட வயல்காற்று."

இதெல்லாம் வெறும் கற்பனை இல்லை. மிளகுக்கு மிளகு வாசனை தருகிற ரோட்டண்டோன் என்ற பொருளே ஷிராஸ் திராட்சைத் தோலிலும் இருக்கிறது. மிளகாய், குடமிளகாயின் பச்சை வாசனைக்குக் காரணமான பொருள்கள் சாவிஞான் பிளாங்க்கிலும் உண்டு. பழைய கௌடாவில் கரகரப்பது உப்பு என்று நினைப்பார்கள். புரதம் உடைந்து வந்த டைரோசின் என்ற அமினோ அமிலம் படிகமானது அது. நீ ரசம் என்று எழுதினாலும் மிளகு என்று எழுதினாலும் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாய்.

நீலமா பூஞ்சை புடிச்சதைப் போய் சாப்பிடுறீங்களேண்ணா, வயிறு கெடாதா?

நீல சீஸில் இருப்பது வேண்டுமென்றே வளர்த்த பூஞ்சை. பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்று பெயர். பிரான்சில் ரோக்ஃபோர் ஊரின் குகைகளில் செம்மறியாட்டுப் பால் சீஸில் இதை வளர்க்கிறார்கள். ஊசியால் சீஸில் துளை போட்டுக் காற்று உள்ளே போக வழி செய்வதால்தான் நீலம் கோடு கோடாக ஓடுகிறது. பிரீயின் மேலே வெள்ளைப் பஞ்சு மாதிரி இருப்பதும் இப்படி வளர்த்ததுதான், அதைத் தோலோடு சாப்பிடலாம்.

ஆனால் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் தானாக வந்த பூஞ்சை வேறு. கெட்டியான சீஸ் என்றால் பூஞ்சையைச் சுற்றிக் குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். மென்மையான சீஸ் என்றால் மொத்தத்தையும் போட்டுவிடுங்கள். கர்ப்பிணிகள் பிரீ, நீல சீஸ், காய்ச்சாத பாலில் செய்த சீஸ் எதையும் தொட வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி குழந்தைக்கு ஆபத்து.

வாடையைக் கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சில சீஸ்களின் மேல்தோலை உப்புத் தண்ணீரால் கழுவிக் கழுவி வளர்ப்பார்கள். கால் வியர்வை மாதிரி நாறும். நம் வீட்டில் கருவாட்டை வறுக்கும்போது தெருவே திரும்பிப் பார்க்கும், தட்டில் வந்தால் வாசனையே வேறு. இதுவும் அப்படியே. மூக்கு சொல்வதை வைத்து வாய்க்கு முன்பே முடிவு செய்யாதீர்கள்.

கிறிஸ்மஸுக்கு வீட்ல போடுற ஒயினும் இதுவும் ஒண்ணா அங்கிள்?

அடிப்படை ஒன்று: திராட்சைச் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக்குகிறது. வீட்டு முறையில் பன்னீர் திராட்சையோடு சர்க்கரையைக் கொட்டி, கோதுமை, பட்டை, கிராம்பு எல்லாம் போடுவார்கள். புளித்தது போக மிஞ்சும் சர்க்கரை இனிப்பாக நிற்கும். கடை ஒயின் பெரும்பாலும் திராட்சையின் சொந்தச் சர்க்கரை முழுதும் புளித்து முடிந்தது, அதனால் இனிப்பே இருக்காது. நம்மவர்கள் முதல் மிடறில் முகம் சுளிப்பது இதனால்தான்.

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் நம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. ரோஜாவில் இருக்கிற ஜெரானியால் என்ற வாசனைப் பொருள் மஸ்கட் திராட்சைகளிலும் உண்டு, பன்னீர் என்று பெயர் வைத்தவர்களின் மூக்கு சரியான மூக்கு. உலகத்தில் எங்கே மஸ்கட் ஒயின் குடித்தாலும் இந்த வாசனை எட்டிப் பார்க்கும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அனுமதி இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம்.

பெங்களூர் போறேன். வரும்போது உங்களுக்கு ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வரட்டா?

அன்புக்கு நன்றி, வேண்டாம். வேறு மாநில மதுவை அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவருவதும் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்தான். இங்கே சில்லறை விற்பனை டாஸ்மாக்கில் மட்டும், அதுவும் 21 வயது ஆனவர்களுக்கு. தேர்வு குறைவுதான், இருப்பதை வைத்து ருசி பார்க்கிறேன். பெங்களூரில் தங்கை வீட்டுக்குப் போகும்போது நந்தி மலைப் பக்கம் இருக்கும் குரோவர் திராட்சைத் தோட்டத்துக்குப் போய், அங்கேயே ருசி பார்த்து எழுதிக்கொண்டு வெறுங்கையோடு ரயில் ஏறுவேன். நீங்கள் சீஸ் வாங்கி வாருங்கள், அதற்குத் தடை இல்லை.

ஆம்பூர் பிரியாணிக்கு எந்த ஒயின் சேரும்?

என் முடிவு: எதுவும் வேண்டாம். மிளகாய்க் காரத்தை உணரும் நரம்பு முனைகளை ஆல்கஹாலும் தூண்டிவிடும், டேனின் அதை இன்னும் கடுமையாக்கும். ஊறவைத்து அரைத்த வரமிளகாயும் சீரகச் சம்பாவும் கத்தரிக்காய்த் தொக்கும் தட்டில் இருக்கும்போது நான் வேறொன்றையும் தேடுவதில்லை. கட்டாயம் வேண்டும் என்பவர்கள் லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினை நன்றாகக் குளிர வைத்துக் குடிக்கலாம். சிவப்பு கூடவே கூடாது.

ஒயின் இதயத்துக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?

அந்தப் பேச்சை நம்பி யாரும் தொடங்க வேண்டாம். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் இருக்கிறது. நான் ஒரு தடவைக்கு 50 மில்லி ஊற்றுகிறேன், பாதியை வாயில் சுழற்றித் துப்பிவிடுகிறேன். தொழிலாக ருசி பார்க்கிறவர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சீஸில் இருக்கும் உப்பையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எங்க வீட்ல ஒயினே கூடாது. சீஸை மட்டும் வெச்சு ருசி பார்க்க முடியாதாண்ணா?

தாராளமாக. என் அம்மா முன்னால் நான் ஒயின் பாட்டிலைத் திறந்ததே இல்லை. அவருக்காகக் கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன். பால் ஊற்றாத தேயிலைத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டுத் திக்காக இறக்குங்கள். சர்க்கரை வேண்டாம். தேயிலையிலும் டேனின் வகைப் பொருள்கள் உண்டு. மேலே சொன்ன செடார் சோதனையை ஒயினுக்குப் பதில் இந்தத் தேயிலைத் தண்ணீரை வைத்துச் செய்தால் அதே மாற்றம் தெரியும். டீயில் பால் ஊற்றியதும் துவர்ப்பு அடங்குவதும் இந்தக் காரணத்தால்தான். ஆனி ஆடியில் நாவல்பழம் வரும்போது, உப்புத் தொட்ட நாவல்பழத்தோடு கௌடா வைத்துக் கொடுத்தேன். அம்மா இரண்டாவது துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொய்யாப்பழமும் ஆட்டுப்பால் சீஸும் இன்னொரு நல்ல ஜோடி.

ஒரே ஒயின், ஒரே சீஸ். தை மாசம் "அருமை"ன்னு இருக்கு, வைகாசில "சப்பு"ன்னு இருக்கு. எதை நம்புறது சார்?

இரண்டையும் நம்பலாம். அதற்குத்தான் தேதி போடுகிறேன். ஒயின் திறந்த மூன்றாம் நாள் காற்றுப் பட்டுப் பழ வாசனை இறங்கிவிடும். பல் தேய்த்தவுடன் குடித்தால் எல்லாமே கசக்கும். மதியம் மாங்காய் ஊறுகாய் சாப்பிட்ட நாக்குக்குச் சாயங்காலம் வரை நுணுக்கம் தெரியாது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க்கிலேயே கோளாறு, அந்தப் பாட்டிலை வைத்து அந்த ஒயினை எடை போடக் கூடாது.

அந்த வைகாசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் "கரன்ட் இல்லை, ஃப்ரிட்ஜ் மூணு மணி நேரம் ஓடலை" என்று எழுதியிருக்கிறது. சீஸ் வியர்த்திருக்கும், ஒயின் சரியாகக் குளிர்ந்திருக்காது. அதே ஜோடியை ஐப்பசி மழையில் இன்னொரு தடவை வைக்கப் போகிறேன். அதற்காக அந்த வரிக்குக் கீழே நாலு வரி இடம் விட்டிருக்கிறேன்.